பருப்பு வேகிற நேரம்

எதிர்வீட்டு அண்ணன் போன வாரம் ஒரு மாலை டீக்கு வந்திருந்தார். அவர் மகள் சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு. அடுத்து எம்.இ.யில் கட்டுமான மேலாண்மை படிக்கப்போகிறேன் என்கிறாளாம். அவருக்கு மனம் ஒப்பவில்லை. "நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு, சைட்ல நின்னு ஆளுங்கள வேலை வாங்குறதுக்கு இன்னும் ரெண்டு வருஷமா? அதைத்தான் நம்ம மேஸ்திரியே பண்றாரே" என்றார். இந்தப் படிப்பைப் பற்றி நம்மில் பலருக்கும் இருக்கிற எண்ணம் இதுதான். தாமதமானால் விரட்ட வேண்டும், ஆள் போதாவிட்டால் கூட்ட வேண்டும், அதற்கு ஒரு பட்டமா என்று நினைக்கிறோம்.

கொஞ்சம் சமையலறைப் பக்கம் போய்வருவோம். சாம்பார் வைக்க வேண்டும். பருப்பு வேக 20 நிமிடம், புளி ஊற 15, காய் நறுக்க 10. மூன்றும் தயாரான பிறகு எல்லாம் சேர்ந்து கொதிக்க 15 நிமிடம். பருப்பு வேகும்போதே புளியும் ஊறும், காயும் நறுக்கிவிடலாம். ஆகவே மொத்தம் 35 நிமிடம். இப்போது காய் நறுக்க இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்வோம். நறுக்கும் வேலை நாலே நிமிடத்தில் முடிந்துவிடும். சாம்பார் எப்போது இறங்கும்? அதே 35 நிமிடத்தில்தான். வந்த இரண்டு பேரும் பருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பருப்பும் கொதியும் சேர்ந்த அந்தத் தொடரில் ஒரு நிமிடம் தவறினாலும் சாப்பாடு ஒரு நிமிடம் தள்ளிப்போகும். இதைத்தான் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நழுவவிடக் கூடாத பாதை. புளியை ஐந்து நிமிடம் தாமதமாக ஊறப்போட்டாலும் குடி முழுகிவிடாது. அந்த ஐந்து நிமிடம் ஃப்ளோட், அதாவது கையில் இருக்கும் அவகாசம்.

இதிலேயே இன்னொரு நுட்பமும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்ததால் 12 நிமிடத்தில் வெந்துவிடுகிறது என்று வையுங்கள். எட்டு நிமிடம் மிச்சமாக வேண்டும் அல்லவா? ஆகாது. ஐந்துதான் மிச்சம். இப்போது எல்லாரும் புளிக்காகக் காத்திருக்கிறார்கள். நழுவவிடக் கூடாத பாதை பருப்பிலிருந்து புளிக்கு மாறிவிட்டது. அது எந்த நாளில் எதற்கு மாறும் என்று கணக்கிட்டபடியே இருப்பதுதான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு. 1950களின் பிற்பாதியில் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தில் மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கணிப்பொறி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து இந்தக் கணக்கை உருவாக்கினார்கள்.

இனி வீடு கட்டும் இடத்துக்கு வருவோம். கான்கிரீட் தளம் போட்டாயிற்று. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456 விதிப்படி, சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் கட்ட வேண்டும். தாங்கிநிற்கும் முட்டுகளைப் பிரிக்க, தளத்தின் அகலம் 4.5 மீட்டருக்குள் என்றால் 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். 6 மீட்டருக்கு மேல் நீண்ட உத்தரம் என்றால் 21 நாள். குளிர் நாளில் இதுவும் போதாது. நூறு பேரை நிறுத்தினாலும் இந்த நாட்கள் குறையாது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது ஒரு ரசாயன வேலை. அது கூலிக்கும் அதட்டலுக்கும் அசையாது.

ஆகவே கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் வேண்டியிருக்கிறது. முட்டுகள் நிற்கும்வரை அந்த அறையில் சீலிங் பூச முடியாது. ஆனால் காம்பவுண்ட் சுவர் எழுப்பலாம், செப்டிக் டேங்க் தோண்டலாம், தச்சர் பட்டறையில் நிலை, ஜன்னல் வேலையை முடிக்கலாம். இதை நல்ல மேஸ்திரி எந்தப் புத்தகமும் படிக்காமலே செய்வார். அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒரு வீட்டின் அறுபது, எழுபது வேலைகளை மேஸ்திரி மனதிலேயே கோத்துவைத்திருப்பார், அது பெரிய திறமை. ஆனால் நிலத்தடி மெட்ரோ நிலையத்தில் வேலைகள் ஆயிரக்கணக்கில் போகும். சுரங்கம் துளைக்கும் இயந்திரத்தை இறக்கவே முதலில் ஒரு பெரிய குழி தயாராக வேண்டும். குழிக்கு முன் அதன் பக்கச்சுவர், அதற்கும் முன் சாலைக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாயையும் மின்கேபிளையும் இடம் மாற்ற வேண்டும். இத்தனையையும் எந்த மனமும் தனியாகச் சுமக்க முடியாது.

அளவெடுத்தல், மதிப்பீடு, தரச்சோதனை, தொழிலாளர் சட்டம் எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. ஒப்பந்தப் பாடத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கலாம், அங்கேயும் நம் சாம்பார் வருகிறது. வீட்டுக்காரர் டைல்ஸைத் தேர்ந்தெடுக்கப் பத்து நாள் தாமதம் செய்கிறார். ஒப்பந்ததாரர் பத்து நாள் கூடுதல் கெடு கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? டைல்ஸ் பதிக்கும் வேலைக்குப் பதினைந்து நாள் அவகாசம் இருந்தால், வீடு முடியும் தேதி நகரவே இல்லை. கெடுவுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. அப்படியானால் அந்த அவகாசம் யாருடைய சொத்து? வீட்டுக்காரருடையதா, ஒப்பந்ததாரருடையதா, முதலில் கைவைத்தவருடையதா? உலகம் முழுக்க வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் இன்னும் வாதாடும் கேள்வி இது. புளிக்குக் கிடைத்த அந்த ஐந்து நிமிட அவகாசத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

காத்திருப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் பணம் மட்டும் போவதில்லை. 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வில்லோ ஐலண்ட் என்ற ஊரில் ஓர் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 5 அடி உயரக் கான்கிரீட் வளையங்களாக அடுக்கிக்கொண்டே போவது முறை. தொழிலாளர்கள் நின்ற சாரம் தரையிலிருந்து எழும்பவில்லை. ஏற்கெனவே போட்ட வளையத்தில்தான் போல்ட் போட்டுப் பொருத்தியிருந்தது. அன்று அது தொங்கியது முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட்டில். குளிரில் அது போதுமான பலம் பெற்றிருக்கவில்லை. உச்சியில் கான்கிரீட் பிய்ந்து, சாரம் கோபுரத்தைச் சுற்றி வரிசையாகச் சரிந்தது. 51 பேர் இறந்தார்கள். விசாரித்த அமெரிக்க அரசின் தர ஆய்வகம், கான்கிரீட்டுக்குப் பலம் வருமுன்பே பாரம் ஏற்றப்பட்டதையே காரணமாகச் சொன்னது. அட்டவணைத் தாளில் இரண்டு வேலைகளுக்கு நடுவே போடும் சிறு இடைவெளிக்கு என்ன பொருள் என்பதை இதைப் படித்த மாணவர் மறக்க மாட்டார். மறக்கவும் கூடாது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது டீயும் தீர்ந்தது. பிறகு எங்கே படிக்கலாம் என்று கேட்டார். சென்னை ஐ.ஐ.டி.யின் சிவில் துறையில் இதற்கென ஒரு பிரிவே உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எம்.இ. இருக்கிறது. புனேயில் கட்டுமானத் துறையினரே 1983இல் தொடங்கிய நிக்மார் உண்டு. இங்கே எம்.இ., எம்.டெக். படிக்கப் பெரும்பாலும் கேட் தேர்வோ மாநில நுழைவுத் தேர்வோ எழுத வேண்டும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதையே இளங்கலையாகவும் படிக்கலாம். எங்கே சேர்ந்தாலும், சைட்டில் எத்தனை வாரம் பயிற்சி என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். திரையில் பெட்டிகளை இழுத்து அட்டவணை போடுவது ஒரு வாரத்தில் வந்துவிடும். பெட்டிகளுக்கு நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்பது, ஈரம் சொட்டும் தளத்துக்கடியில் நின்று பார்த்தவருக்குத்தான் பிடிபடும்.

எங்கள் தெருமுனையில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை அண்ணன் மகள் அங்கே நின்று, செண்ட்ரிங் எப்போது பிரிப்பீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே பதில் சொன்னார்.