ஊருக்கும் உண்டு ஒரு தங்கச்சி

அப்புத்தளை ஸ்டேஷனுக்கு மேலே, கடைவீதி முனையில் இருக்கும் டீக்கடையில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மூடுபனி உள்ளே வந்து நமக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அன்று பனியோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்தது. கொண்டுவந்தவர் என் பழைய மாணவர். இப்போது ஓட்டோ ஓட்டுகிறார்.

முதல் நாள் ஜப்பான்காரர் இருவரைத் தம்பேதென்னைத் தோட்டம் வழியாக லிப்டன் சீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தங்கள் ஊர் ஊஜி என்றும், நுவரெலியா தங்களுக்குச் சகோதரி நகரம் என்றும் அவர்கள் கைவிரல்களைக் கோத்துக் காட்டினார்களாம்.

"மனுசருக்கு அக்கா தங்கச்சி இருக்கலாம் சேர். ஊருக்கு எப்படி இருக்கும்?"

நல்ல கேள்வி. இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள உறவை நாம் அறிவோம். அதைத் தூதரகமும் வெளிநாட்டமைச்சும் பார்த்துக்கொள்ளும். சகோதரி நகரம் என்பது அதற்குக் கீழே, மண்ணுக்குப் பக்கத்தில் நடக்கிற காரியம். ஒரு நாட்டில் இருக்கும் நகர சபையும் இன்னொரு நாட்டில் இருக்கும் நகர சபையும் எழுத்தில் கையெழுத்திட்டு, இனி நாம் உறவு என்று ஏற்றுக்கொள்கின்றன. இங்கிலாந்தில் இதை இரட்டை நகரம் என்பார்கள். அமெரிக்காவில் சகோதரி, ரஷ்யாவில் சகோதரன். என்னைக் கேட்டால் நம்ம பக்கத்துச் சொல்தான் இதற்குப் பொருந்தும்: ஊரோடு ஊர் சம்பந்தம் பண்ணுவது. சம்பந்தம் ஆனபிறகு கொண்டான் கொடுத்தான் உறவு தொடங்கும். நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க வேண்டும். பிள்ளைகள் போய்வர வேண்டும். அவர்கள் வீட்டுச் சமையல் இங்கே வரவேண்டும், இங்கிருந்து பலகாரம் அங்கே போகவேண்டும்.

"இது யார் கண்டுபிடிச்ச பழக்கம் சேர்?"

ஐரோப்பாவில் பழைய உதாரணங்கள் இருக்கின்றன. ஆனால் இன்று நாம் காணும் வடிவம் யுத்தத்தில் பிறந்தது. 1940 நவம்பர் 14ஆம் திகதி இரவு ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்தைக் குண்டு போட்டு நொறுக்கின. இரண்டு வருடம் கழித்து ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட் அதைவிடக் கொடிய அழிவில் கிடந்தது. அடிபட்டவருக்குத்தான் அடிபட்டவரின் வலி தெரியும். கொவென்ட்ரிப் பெண்கள் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டு, ஒரு மேசை விரிப்பில் தங்கள் பெயர்களை நூலால் தைத்து ஸ்டாலின்கிராட்டுக்கு அனுப்பினார்கள். 1944இல் இரு நகரங்களும் முறைப்படி உறவாகின. அந்த விரிப்பு இன்றும் ஸ்டாலின்கிராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் இப்போது வோல்கோகிராட்.

அந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்றுதான். சபைகளின் கையெழுத்துக்கு முன்னால் பெண்களின் கைத்தையல் போய்ச் சேர்ந்திருந்தது. தைத்தவர்கள் வேலைக்குப் போகிற, வீடு பார்க்கிற சாதாரணப் பெண்கள்.

யுத்தம் முடிந்து ஐந்து வருடத்தில், 1950இல், ஜெர்மனியின் லுட்விக்ஸ்பூர்க்கும் பிரான்சின் மொன்பெலியாரும் கைகோத்தன. தலைமுறை தலைமுறையாகப் பகையாய் இருந்த இரண்டு நாடுகள்! அப்பன்மார் சுட்டுக்கொண்டார்கள், பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் படித்தார்கள். 1956இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் மக்களுக்கும் மக்களுக்கும் நேரடி உறவு வேண்டும் என்று ஒரு மாநாடு கூட்டினார். அதிலிருந்து சகோதரி நகரம் என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. சென்னைக்கு 1984 முதல் அமெரிக்காவின் டென்வர் உறவு. அங்கே சென்னையின் பெயரில் ஒரு பூங்காவே இருக்கிறது.

நம் நாட்டிலும் உண்டு. ஒல்லாந்தர் கோட்டை கட்டிய காலிக்கு, நெதர்லாந்தின் வெல்சன். யாழ்ப்பாணத்துக்கு, 2016 ஒக்டோபரில் லண்டனின் கிங்ஸ்டன். இங்கிருந்து போன தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியிருக்கும் இடம் அது. ஆட்கள் முன்னே போய் வேர்விட்டார்கள், ஒப்பந்தம் பின்னால் வந்தது.

நுவரெலியாவும் ஊஜியும் உறவானது 1986இல். ஊஜி, கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஆற்றோரம் இருக்கும் சின்ன நகரம். ஜப்பானின் பத்து யென் நாணயத்தில் பொறித்திருக்கும் கோயில் அந்த ஊர்க் கோயில். ஆனால் ஜப்பான்காரரிடம் ஊஜி என்றால் முதலில் அவர் வாயில் வருவது தேயிலை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அங்கே தேயிலை உண்டு. நம்ம மலையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867. பிறகு கோப்பிச் செடியை இலை நோய் தின்று தீர்த்ததும் மலை முழுக்கத் தேயிலை ஏறியது. அப்படிப் பார்த்தால் ஊஜி மூத்தவள். நாம்தான் தங்கச்சி.

செடி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கைப்பக்குவம்தான் வேறு. ஊஜியில் உயர்ந்த தரத்துக்கு, கொழுந்து எடுக்க மூன்று வாரம் இருக்கும்போதே செடிக்கு மேலே பந்தல் போட்டு நாணற்தட்டியும் வைக்கோலும் பரப்பி வெயிலை மறைப்பார்கள். நிழலில் வளர்ந்த கொழுந்து கரும்பச்சையாகி, கசப்புக் குறைந்து, நாவில் இனிக்கும். எடுத்ததும் ஆவியில் வேகவைத்துவிடுவார்கள். அதனால் பச்சை பச்சையாகவே நிற்கும். நாம் செய்வது நேர்மாறு. ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் இரவு முழுக்கக் கொழுந்தை வாட்டி, காலையில் ரோலரில் போட்டு உருட்டிக் காயப்படுத்தி, காற்றுப் பட்டுச் செம்பாக நிறம் மாறும்வரை விட்டு, பிறகு சூட்டில் காயவைக்கிறோம். ஒருவர் காற்றின் வேலையை ஆவியால் தடுத்து ருசி காண்கிறார், மற்றவர் காற்றை விட்டு ருசி காண்கிறார்.

ஜப்பான்காரர்கள் உலகத்துக் கறுப்புத் தேயிலையில் மூன்றை உயர்வாகச் சொல்வார்கள்: டார்ஜிலிங், சீனத்துக் கீமுன், நம்ம ஊவா. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருகிற காற்று நம்ம பக்கம் அடிக்கும்போது கொழுந்து சுருங்கி வாசம் இறுகுகிறது. அந்தப் பருவத்துத் தேயிலைக்கு அங்கே தனி மரியாதை.

"அப்ப அவங்க லிப்டன் சீட்டுக்கு வந்தது சும்மா படம் பிடிக்க இல்ல" என்றார் தம்பி. இல்லை. தங்கள் கோப்பைக்குள் இருந்த ஊரைக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார்கள்.

சரி, கையெழுத்துப் போட்டபிறகு என்ன நடக்க வேண்டும்? மூன்று வகையாகச் சொல்லலாம். முதலாவது பிள்ளைகளின் பழக்கம்: பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் கடிதம், படம், பாட்டு, வசதி இருந்தால் போக்குவரத்து. இரண்டாவது தொழில் அறிவு. உருட்டுகிறவரும் வேகவைக்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இருவருக்கும் லாபம். மூன்றாவது, நாம் அதிகம் பேசாதது, சபை வேலை. குப்பையை எங்கே கொட்டுவது, ஊற்றுத் தண்ணீரை எப்படிக் காப்பது, மலை சரியப்போவதை எப்படி முன்கூட்டி அறிவது என்பவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மலைச்சரிவில் வாழும் இன்னொரு ஊர், தன் சனத்தை எந்த நேரத்தில், எந்த அடையாளம் கண்டு இறக்குகிறது என்று தெரிந்துகொள்வது உயிர்காக்கும் அறிவு. பத்து விருந்தைவிட அது பெரிது.

இந்த உறவு எங்கே தவறிப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் தலைவர்கள் மட்டும் போய்வருவார்கள், மாலை மாற்றிக்கொள்வார்கள், படம் எடுப்பார்கள். பதவி மாறியதும் ஒப்பந்தம் அலுமாரிக்குள் போய்விடும். ஊர் எல்லையில் பலகை மட்டும் நிற்கும். ஒரு சகோதரி உறவு உயிரோடு இருக்கிறதா என்று அறிய நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான். அந்த ஊரில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணுக்கு, தன் ஊருக்கு இப்படியொரு உறவு இருப்பது தெரியுமா? அவளுடைய பிள்ளைக்கு அதனால் ஒரு கடிதமாவது வந்ததா?

இந்த அளவு நம்ம மலையில் இன்னும் கூர்மையாகக் குத்தும். பிரதேச சபைச் சட்டம் வந்தது 1987இல். அதன் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்குத் தடையாகவே இருந்தது. நாம் வாக்குப் போட்ட சபை, நம்ம லயத்து ரோட்டுக்குக் கல் போட முடியாமல் நின்றது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. உள்ளூரிலேயே நம்மை உறவாக எண்ணச் சட்டத்துக்கு முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. இனி ஒரு சபை இந்த ஊருக்காக வெளியூரோடு சம்பந்தம் பேசப் போனால், லயத்துச் சனமும் பெண் வீட்டாரில் ஒரு பகுதி என்பதை நினைத்துப் போகவேண்டும்.

தம்பி கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப அப்புத்தளைக்கு யாரைப் பேசலாம் சேர்? லிப்டன் துரையோட ஊரா?"

பேசலாம். தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். தம்பேதென்னை ஸ்டோர் 1890இல் அவர் கட்டியது. நம்ம அடிசம் பங்களாவுக்குப் பெயர்கூட, அதைக் கட்டிய வில்லியர்ஸ் துரை பிறந்த கெண்ட் கிராமத்தின் பெயர். அந்த ஊர்களோடு உறவு வைப்பதில் பிழை இல்லை. துரைமார் ஞாபகமாக வைத்துவிட்டுப் போன பெயர்கள் அவை. இனிமேல் சமமாக உட்கார்ந்து பேசினால் அதுவும் ஒரு நல்ல தொடக்கம்.

ஆனால் என்னைக் கேட்டால், அப்புத்தளைக்குத் தங்கச்சி ஏற்கெனவே இருக்கிறாள். பத்திரம்தான் இல்லை.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்ம இந்திய வம்சாவளிச் சனத்தைப் பற்றி ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு, 1974இல், பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஆட்களைக் கேட்டு எழுதிய கணக்கு இல்லை அது. ஒரே லயத்தில் அக்காவுக்கு இந்தியப் பாஸ்போட், தங்கச்சிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிரிந்த குடும்பங்கள் இந்தத் தோட்டங்களில் ஏராளம். தலைமன்னாருக்குச் சனத்தை ஏற்றிப்போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள். அங்கிருந்து கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு எங்கே வேலை கிடைத்ததோ அங்கே. பல குடும்பங்கள் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தன. கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்று அது டேன்டீ. இங்கே முதுகில் கூடை மாட்டியவர்கள் அங்கேயும் கூடை மாட்டினார்கள். அதே செடி, அதே குளிர், அதே அட்டை. அங்கேயும் மலை சரிகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவு பல உயிர்களை எடுத்தது.

கொவென்ட்ரிப் பெண்கள் முகம் தெரியாத ஊருக்குப் பெயர் தைத்து அனுப்பினார்கள். நமக்கோ அந்த மலையில் முகமும் தெரியும், பெயரும் தெரியும், சாடையும் தெரியும். அப்புத்தளையும் கோத்தகிரியும் ஒரு நாள் சகோதரி நகரங்களாகக் கையெழுத்துப் போட்டால், உலகத்தில் வேறெந்த ஊருக்கும் அந்தச் சொல் அவ்வளவு உண்மையாகப் பொருந்தாது. இரு சபைகளும் மனது வைத்தால் முடியக்கூடிய காரியம் இது. அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. இங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பும் அங்குள்ள ஒரு ஆறாம் வகுப்பும் கடிதம் எழுதிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் எந்தச் சரிவு வெடிக்கிறது, எந்த ஊற்று திடீரென்று கலங்குகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லலாம். எழுத மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவையில்லை.

தம்பியின் பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. மெதுவாகச் சொன்னார்: "எங்க அம்மாயியோட தங்கச்சி கோத்தகிரியிலதான் சேர் இருக்காங்க. அம்மாயி போன வருசம் தவறினப்ப ஃபோன்ல அழுதாங்க. அதுக்குப் பிறகு நான் எடுக்கவே இல்ல."

"எடுங்க தம்பி."

"இப்ப அங்க என்ன நேரம் சேர்?"

"இங்க என்ன நேரமோ அதே நேரம்தான். அங்கேயும் இப்பதான் கொழுந்துக்குப் போயிருப்பாங்க."

ஃபோனை எடுத்துக்கொண்டு அவர் பனிக்குள் இறங்கி நின்றார். சற்று நேரத்தில் "சின்னம்மாயி, நான்தான், அப்புத்தளையிலருந்து" என்ற குரல் மட்டும் கேட்டது.