குக்கூ சுமத்திய பெயர்

மனைவி வேறொருவரோடு உறவு கொண்டிருக்க, அது தெரியாமல் ஏமாந்து நிற்கும் கணவனை ஆங்கிலத்தில் ‘கக்கோல்டு’ என்று ஏளனம் செய்தார்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளிலேயே இருக்கிற சொல். குக்கூ பறவையின் பழைய பிரெஞ்சுப் பெயரோடு இழிவு சுட்டும் விகுதி சேர்ந்து பிறந்தது. பிறர் கூட்டில் முட்டையிட்டுப் போகும் அந்தப் பறவை நம் குயிலுக்கு உறவு.

நியாயப்படி இந்தப் பெயர் கள்ளக் காதலனுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? கூடு பறிகொடுத்தவன் மேல் ஏன் விழுந்தது? பண்டைய ரோமில் பிளாட்டஸ் எழுதிய நாடகத்தில், மனைவியிடம் கையும் களவுமாகப் பிடிபடும் கிழவனைத்தான் குக்கூ என்று ஏசுகிறார்கள். அங்கே பெயர் தவறு செய்தவனிடமே இருந்தது. பிறகு அது எப்படி இடம் மாறியது? காதலன் வருகிறான் என்று கணவனை எச்சரிக்க ‘குக்கூ’ என்று குரல் கொடுப்பார்களாம். அதுவே நாளடைவில் கணவன் மேல் ஒட்டிக்கொண்டது என்று 1755-இல் தம் அகராதியில் எழுதினார் சாமுவேல் ஜான்சன். எனக்கென்னவோ, ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் ஊர்வாய்க்கு அவ்வளவு காரணம்கூடத் தேவைப்பட்டிருக்காது என்று தோன்றுகிறது.

பறவையோ இந்தச் சொல்லை ஒட்டி நடப்பதேயில்லை. ‘குக்கூ’ என்று கூவுவது ஆண். திருட்டு வேலை பெண்ணுடையது. நாணல் கதிர்க்குருவியின் கூட்டில் ஒரு முட்டையை எடுத்துவிட்டு, ஏறத்தாழ 10 நொடிகளில் தன் முட்டையை இட்டுப் பறந்துவிடும். போகும்போது குருவிப் பருந்தை ஒத்த குரலில் கத்துவதும் உண்டு. கூட்டுக்காரப் பறவைகள் உயிருக்கு அஞ்சிச் சுற்றுமுற்றும் பார்க்கையில் முட்டையைக் கவனிக்க மறந்துவிடுகின்றன. கண் திறக்காத குக்கூக் குஞ்சு மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏற்றி வெளியே தள்ளுவதை 1788-இல் விவரித்தவர், பின்னாளில் அம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்டு ஜென்னர். அந்தக் கூட்டில் தகப்பன் மட்டுமா ஏமாறுகிறது? தாயும் தன் பிள்ளைகளை எல்லாம் இழந்து அயல் குஞ்சுக்கு இரை தேடி ஓடுகிறது.

கணவன் மட்டும் ஏமாறும் கூடு வேறிடத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நீலநிறத் தேவதைச் சிட்டுகள் இணைபிரியாதவைபோல் வாழ்பவை. ஆனால் மரபணுவைச் சோதித்தபோது, குஞ்சுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குத் தந்தை வேறு என்று தெரியவந்தது.

மனிதரிடத்தில்? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்டன் லார்முசோவும் குழுவினரும் ஊர்ப் பதிவேடுகளையும் ஆண்வழி மரபணுவையும் ஒப்பிட்டுப் பல நூற்றாண்டுகளை அளந்தார்கள். தலைமுறைக்குச் சுமார் 1 முதல் 2 விழுக்காடு பிள்ளைகளுக்குத்தான் தந்தை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் நெரிசல் மிகுந்த நகரங்களில், ஏழைக் குடும்பங்களிடையே மட்டும் அது 6 விழுக்காட்டை நெருங்கியது. அந்தக் கணக்குக்குள் மனைவியின் விருப்பமே இல்லாமல் நடந்த வன்முறையும் அடங்கியிருக்கலாம்.