சிறு வையமும் சீமெந்து வண்டியும்

பிள்ளைகள் உருட்டி விளையாடும் சிறுதேர் தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவம். தச்சருடைய பிள்ளைகளே கண்டு விரும்பும்படி செய்யப்பட்ட, ஏறிச்செல்ல உதவாத நல்ல தேரைப் பற்றிப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார் இன்னும் நுண்ணிய ஓர் உண்மையைக் கண்டு சொல்கிறார். தச்சன் செய்த சிறு வண்டியிற் பிள்ளைகள் ஏறிச்செல்ல இயலாது. ஆயினும், கையாற் பற்றி இழுப்பதிலேயே அவர்களுக்கு இன்பம் உண்டு. தோழி தலைவியின் நட்பின்பத்தை விளக்க எடுத்துக்கொண்ட உவமை இது.

ஏற முடியாத வண்டியை இழுத்து மகிழும் இவ்வின்பம் இன்று உலகெங்கும் ஒரு கலையாக வளர்ந்திருக்கிறது. அதுவே மாதிரிப் புகையிரதக் கலை. ஜேர்மனி நாட்டு மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் விளையாட்டுப் புகையிரதங்களுக்குப் பாதையகலங்களை வரையறுத்து முறைப்படுத்தியது. லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹோர்ன்பி 1920இற் புகையிரதங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர் அளவுமானங்கள் நிலைபெற்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பியக் கண்டத்திலும் பெரிதும் வழங்குவது உண்மை வண்டியின் 87இல் ஒரு பங்கு. பிரித்தானியாவில் வழங்குவது 76இல் ஒரு பங்கு. அஃதாவது, உண்மையில் 1 அடியாக இருப்பது மாதிரியில் 4 மில்லிமீற்றராகும்.

இக்கலையிற் புதிதாகப் புகுவோர் முதலில் நாடுவது எஞ்சினை; பழகியோர் நாடுவது சரக்குப் பெட்டிகளை. காரணம் வெளிப்படை. ஓர் எஞ்சின் முப்பது பெட்டிகளை இழுக்கும். அவற்றுள் நெல்லுக்கு ஒரு வகை, எண்ணெய்க்கு ஒரு வகை, கல்லுக்கு ஒரு வகை, மாட்டுக்கு ஒரு வகை உண்டு. பெட்டியைப் பார்த்தே அந்நாட்டில் விளைவது யாது, எங்கிருந்து எங்கே போவது என்று அறியலாம். சங்கப் பாடல்களில் உப்பு வண்டிகளை வரிசையாக ஓட்டிச் சென்ற உமணரைக் காண்கிறோமல்லவா? அரசனது தேர் ஒன்று. உமணரது வண்டிகளோ பல. நாட்டின் வாழ்வை அறிய விரும்புவோன் பின்னதையே எண்ண வேண்டும்.

ஆனால் இப்பெட்டிகள் நினைத்தவுடன் கிடைப்பனவல்ல. ஆண்டின் தொடக்கத்தில் நூரம்பேர்க் நகரில் நடைபெறும் விளையாட்டுப்பொருட் சந்தையை ஒட்டி நிறுவனங்கள் புதிய வெளியீடுகளை அறிவிக்கும். அன்பர்கள் முன்பதிவு செய்வர். அதன்பின் தொடங்குவது நெடிய காத்திருப்பு. பழைய தொழிற்சாலை வரைபடங்களைத் தேடி எடுத்தல், எஞ்சிய உண்மைப் பெட்டியை அளத்தல், கணினியில் வரைதல், எஃகில் அச்சு வெட்டுதல், வண்ணமில்லா முதல் வார்ப்பை எடுத்துப் பிழை பார்த்தல், திருத்தல், பின் வண்ணமும் எழுத்தும் இட்ட மாதிரியைக் காட்டுதல், அதன்பின் பெரும்பாலும் சீனத்தில் உற்பத்தி, கப்பல் என்று ஒவ்வொரு படியிலும் மாதங்கள் கழியும். செலவில் மிகப் பெரிய பங்கு எஃகு அச்சுக்கே போகும். ஆகையால், வாங்குவோர் போதிய அளவினர் உளர் என்று தெளிந்தாலன்றி நிறுவனம் அச்சு வெட்டத் துணியாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. உண்மைத் தொடரில் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே இலக்கம் இராது. ஆதலின் ஒரே வகைப் பெட்டியையே வெவ்வேறு இலக்கங்கள் பொறித்து நிறுவனங்கள் வெளியிடுகின்றன. தம் தொடரில் ஓர் இலக்கம் இருமுறை வந்துவிடாதபடி, அடுத்த வெளியீட்டுக்காக மீண்டும் காத்திருக்கும் அன்பர்கள் பலர். இதைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். தமிழாசிரியன் நகைக்க மாட்டான். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை வெளியிடுமுன் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிப் பட்ட பாடு நாம் அறிந்ததே. சிறு வண்டியின் இன்பத்தைப் பாடிய குறுந்தொகையும் 1915இலே திருக்கண்ணபுரத்துச் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பிக்கும்வரை அச்சேறக் காத்திருந்தது. பதிப்பாசிரியனுக்கு ஓரெழுத்து எப்படியோ, மாதிரி செய்வோனுக்கு ஓர் ஆணி அப்படி. கதவுத் தாழ் இடம்மாறினால் அது அவனுக்குப் பாடபேதம்.

கனடாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் இக்கலையில் ஈடுபட்டவர். தானியம் ஏற்றும் பெட்டிகள் சிலவற்றுக்கு முன்பதிவு செய்துவிட்டு இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தார். “அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது?” என்று தொலைபேசியிற் கேட்டேன். “இது எண்டைக்கோ வரும் ஐயா. எங்கட காங்கேசன்துறைச் சீமெந்துப் பெட்டியை ஆர் வெளியிடப் போகினம்?” என்றார். அக்கேள்வி என்னை விடவில்லை.

கீரிமலையிற் பிறந்த எம் தலைமுறைக்குச் சரக்கு வண்டி அயற்பொருளன்று. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான இருப்புப்பாதை 1902 மார்ச் 11இல் திறக்கப்பட்டது. 1905இல் யாழ்ப்பாணமும் கொழும்பும் இணைந்தன. 1950இற் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. எமது மண்ணின் சுண்ணக்கல்லும் மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண்ணும் சேர்ந்து சீமெந்தாகித் தெற்கே பயணமாயின. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியைப் பற்றிப் பாடாதவர் இல்லை. அதே தண்டவாளத்தில் ஓசையெழுப்பி ஊர்ந்த சீமெந்துப் பெட்டிகளைப் பற்றிப் பேசியவர் சிலரே. மாவிட்டபுரப் பக்கத்துக் கடவையில் நின்று, கூட்ஸ் கோச்சியின் பெட்டிகளை விரல்விட்டு எண்ணிய சிறுவருள் நானும் ஒருவன்.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டது. ஊர் பெயர்ந்தது, ஆலை நின்றது, கோச்சியும் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் போடப்பட்டு, 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி 2இற் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் வந்தது. ஏறத்தாழ 25 ஆண்டுக் காத்திருப்பு அது. வண்டி வந்த அன்று எம்மூரவர் வரவேற்றது பயணிகள் பெட்டியை. பழைய சீமெந்துப் பெட்டி வரவில்லை; அதனைத் தேடியவரும் அரியர்.

அவ்வண்டி மாதிரியாகவேனும் வருமா? பெரிய நிறுவனங்களின் பட்டியல்களில் அதனை நான் கண்டதில்லை. தடைகள் இரண்டு. வாங்குவோர் சிலர் என்பது ஒன்று. மற்றையது பாதையகலம். இலங்கையின் அகலப்பாதை ஐந்தரை அடி. 1 அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற கணக்கில் அது 22 மில்லிமீற்றராதல் வேண்டும். கடையில் விற்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். நம் வண்டியை அதில் ஏற்றினால், அகன்ற திண்ணையில் இருக்க வேண்டியவனை ஒடுங்கிய வாங்கில் இருத்தியது போலாகும்.

எனினும் இவை கடக்கலாகாத் தடைகள் அல்ல. அயர்லாந்தை நோக்குக. அதுவும் தீவு, அதன் பாதையும் பொது அளவினும் அகன்றது, ஐந்தேகால் அடி. உருண்டு திரண்ட வடிவத்தால் ‘குமிழி’ என்று செல்லப்பெயர் பெற்ற சீமெந்துப் பெட்டிகள் அங்கும் ஓடின. அந்நாட்டு அன்பர்கள் சிலர் தாமே சிறு நிறுவனம் ஒன்றை அமைத்து, அப்பெட்டியை நுணுக்கமாகச் செய்து வெளியிட்டனர். பாதையகலத்தில் விட்டுக்கொடுத்தனர்; பெட்டியின் உருவத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுக்கு அது இயன்றதற்குக் காரணம் பணம் மாத்திரம் அன்று. அளவுகளும் படங்களும் இலக்கங்களும் அவர்கள் கையில் இருந்தன.

இங்கேதான் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கி ஒன்று சொல்ல விரும்புகிறேன். அளந்து வைக்கப்பட்ட பொருளுக்காகக் காத்திருத்தல் தகும். எவரும் அளந்து வைக்காத பொருளுக்காகக் காத்திருத்தல் வீண். ஆலை நின்றபோது 30 வயதினராய் இருந்த தொழிலாளி இன்று 65ஐக் கடந்தவர். பெட்டியின் கதவு எப்பக்கம் திறந்தது, மூடைகளை எப்படி அடுக்கினர், ஒரு தொடருக்கு எத்தனை பெட்டிகள், எந்த வண்ணம், எந்த எழுத்து, எந்நேரம் புறப்பட்டது என்பவையெல்லாம் அவருடைய நினைவில் உள்ளன. நிலையப் பொறுப்பாளர், கார்ட், கடவைக் காவலர் ஆகியோரும் நம்மிடையே வாழ்கின்றனர். வீட்டுப் படப்பெட்டிகளில், மணமக்களின் பின்னணியிலோ நண்பர் குழுவின் ஓரத்திலோ ஒரு சரக்குப் பெட்டி நின்றுகொண்டிருக்கலாம். கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட தேசிய புகையிரத நூதனசாலைக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் அளவுநாடா ஒன்றையும் கொண்டு செல்லலாம்.

பாடசாலையிற் செய்யத்தக்க பயிற்சியும் இதில் உண்டு. 20 அடி நீளமும் 8 அடி அகலமும் உடைய பெட்டி ஒன்று என்று கொள்வோம். மாதிரியில் அது 80 மில்லிமீற்றர் நீளம், 32 மில்லிமீற்றர் அகலம். தடித்த அட்டையும் பசையும் கத்தரிக்கோலும் போதும். உள்ளே சிறு பாரம் வைத்தல் வேண்டும். வெறும் பெட்டி வளைவிற் கவிழும். அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கத்தார் 6 அங்குல நீளமுள்ள பெட்டிக்கு 4 அவுன்ஸ் நிறையைப் பரிந்துரைக்கின்றனர். கணிதமும் கைத்தொழிலும் ஊர் வரலாறும் ஒரே மேசையில் அமைந்த பாடம் இது. தண்டவாளத்தையும் 22 மில்லிமீற்றரில் நாமே இடலாம். நம் வண்டி நம் பாதையில் நிற்கட்டும்.

உமணர் தம் வண்டியின் அடியில் மாற்றச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் காட்டுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் வழியிடை நேர்வதை முன்னறிய இயலாது என்பதால் வைத்த காப்பு அது. எம்மூர் வண்டியின் அச்சு ஒருமுறை முறிந்தது. அன்று எம்மிடம் மாற்றச்சு இருக்கவில்லை. முதியவரிடம் கேட்டு ஒரு மாணவன் எழுதிவைக்கும் அளவும் இலக்கமுமே இனி அந்தச் சேமவச்சு. அதனை இவ்வாண்டே கட்டி வைப்போமாக.