கோடையில் தளரும் மோட்டார் எஞ்சின்

சித்திரை, வைகாசித் திங்கள்களில் தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் நாகபுரியிலும் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொடுதல் உண்டு. அந்நாள்களில் கார் மேடேறத் தயங்கினால், 'வெயிலின் கோளாறு' என்று கூறி நாம் அமைதி கொள்கிறோம். அது முழு உண்மையன்று.

சூடேறிய காற்று விரிந்து இலேசாகிறது. 25 டிகிரியில் உள்ள காற்றைவிட 45 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவிகிதம் குறைவு. எஞ்சினுக்குக் கிட்டும் பிராணவாயு அந்த அளவு குறைய, அதன் வலிமையும் ஏறத்தாழ அவ்வளவே குறையும். ஏர்கண்டிஷனரும் தன் பங்கைப் பெற்றுக்கொள்ளும். இவற்றிற்கு மேலும் வண்டி தளருமாயின், முன்னமே மறைந்திருந்த பழுதை வெயில் வெளிப்படுத்துகிறது என்றே கொள்ள வேண்டும்.

முதலில் ஏர்கண்டிஷனரை நிறுத்திப் பார்ப்போம். அப்போதும் தளர்ச்சி நீங்காவிடில், எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள்ளை நோக்குவோம். நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, ஓடும்போது இறங்கினால், ரேடியேட்டர் விசிறியைச் சோதித்தல் வேண்டும். விரைந்து ஓடும்போதும் ஏறுமாயின், ரேடியேட்டரில் அடைப்போ, நீர்க் குறைவோ, தெர்மோஸ்டாட் சரிவரத் திறவாமையோ இருத்தல் கூடும்.

முள் வழக்கமான இடத்திலேயே நிற்க, வலிமை மட்டும் குன்றுமாயின், காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்போம். வடநாட்டுப் புழுதிக்காற்று அதனை விரைவில் அடைத்துவிடும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பதும் உண்டு. நிழலில் நிறுத்தி ஆறவிட்டால் அது நீங்கும்.

முள் சிவப்புக் கோட்டை எட்டிய பின்னும் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து பெருஞ்செலவு நேரும். அதனினும் கொடியது, சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடி திறந்த கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். நன்றாக ஆறும் வரை பொறுத்தலே அறிவுடைமை.

விடுமுறையில் குழந்தைகளுடன் ஊர் திரும்பும் வழியில், மொழி அறியா இடத்து மெக்கானிக்கை நாட நேரலாம். 'நிற்கும்போது சூடு, ஓடும்போது இல்லை' என்ற அளவு சைகையாலேனும் உணர்த்த முடிந்தால், வேண்டாத பாகங்களை மாற்றும் வீண்செலவிலிருந்து நாம் தப்பலாம்.