வெயிலுக்குப் பிறந்த உடம்பா?

"திண்டுக்கல் வெயிலில் வளர்ந்தவனை ராஜஸ்தான் வெயில் என்ன செய்துவிடும்?" வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டில் இப்படிக் கேட்கத் தோன்றும். கொடைக்கானல் மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துவிட, மழை மறைவில் காயும் சமவெளி இது. கோடையில் 40 டிகிரி செல்சியஸ் இங்கே புதிதல்ல.

ஆனால் உடலியல் இந்தப் பெருமையை ஒப்புக்கொள்வதில்லை. வெயில் தாங்கும் திறன் பெரும்பாலும் பழகினால் வருவது, பழக்கம் விட்டால் போவது. மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேரும் இளைஞனுக்குப் பயிற்சி நீலகிரியின் வெலிங்டனில், மலைக்குளிரில். அங்கே சில வாரங்கள் இருந்தாலே திண்டுக்கல் வெயில் அவன் உடம்பைவிட்டு இறங்கிவிடும். அப்படியே மே மாதம் ஜெய்சல்மேருக்குப் போனால், அவனுக்கும் சிம்லாக்காரனுக்கும் பெரிய வித்தியாசம் இராது.

2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் உடம்பு வெப்பத்தை வெளியே தள்ள முடியாது. காற்றிலிருந்து வாங்கத்தான் செய்யும். மிஞ்சும் ஒரே வழி வியர்வை. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்குதான்: ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும்.

எல்லை வேலியோரம் மணலைச் சமன்படுத்தி வைத்து, காலையில் அதில் காலடித் தடம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பது எல்லைப் பாதுகாப்புப் படையினரின் அன்றாட வேலைகளில் ஒன்று. வெயில் ஏற ஏற, அந்த மணலே அப்பளம் பொரியும் அளவுக்குச் சுடும். 2024 மே மாதம் பிகானேரில் ஒரு ஜவான் அதைச் செய்து காட்டிய காணொளி நாடெங்கும் பரவியது. நடப்பவருக்கோ வியர்ப்பதே தெரியாது. வறண்ட காற்று வியர்வையை உடனே குடித்துவிடும். முதுகுப்பக்கம் சீருடையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவது மட்டுமே சாட்சி.

தாகமும் நம்பத்தகுந்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க உடலியலாளர் எட்வர்ட் அடால்ஃப் பாலைவனத்தில் வீரர்களை வைத்து ஆராய்ந்தார். தண்ணீர் கையருகே இருந்தும், அவர்கள் வியர்த்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள். குறைந்த தண்ணீரில் வேலை செய்ய உடம்பைப் பழக்கலாம் என்ற ராணுவ நம்பிக்கையையும் அவர் ஆய்வு உடைத்தது. வெயிலுக்கு உடம்பு பழகும். தண்ணீர் இல்லாமைக்குப் பழகாது.

பழகுவதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் உழைத்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அதே வேலைக்கு இதயத் துடிப்பு குறையும். வியர்வை சீக்கிரமே தொடங்கி அதிகமாக வரும். அந்த வியர்வையில் உப்பு மட்டும் குறையும், ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால். அதுவரை உப்பையும் சேர்த்தே ஈடுகட்ட வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் ஆபத்தாகும். உப்புப் போட்ட மோரும் எலுமிச்சை நீரும் நல்ல மருந்து. நம் நீராகாரமும் சளைத்ததல்ல. சட்டைப்பையில் வெங்காயம் வைத்தால் அனல்காற்று அண்டாது என்று ராஜஸ்தானில் ஒரு நம்பிக்கை உண்டு. வெங்காயச் சந்தைக்குப் பேர்போன திண்டுக்கல்காரர் கோபிக்க வேண்டாம்: பையிலிருக்கும் வெங்காயம் எதையும் தடுக்காது.

பாலைவனத்தில் மட்டுமல்ல, நம்மூர்க் கட்டடவேலையிலும் வெயிலில் உழைப்பவர் திடீரென உளறினாலோ தடுமாறினாலோ வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.