விளையாட வேண்டாம்னு லெட்டர் வாங்காதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் நம்ம வாட்ஸ்அப் நம்பருக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. நாலு நிமிஷம். பேசினவங்க ஒரு அம்மா. பையனுக்கு எட்டு வயசு, நாள்பட்ட சிறுநீரக நோய், மூணாவது ஸ்டேஜ். ஸ்கூல்ல பிடி சார் கூப்பிட்டு, "டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்கம்மா, நான் அவனை உட்கார வச்சிடறேன், எதுக்கு ரிஸ்க்"னு சொல்லியிருக்கார். இவங்களும் போய்க் கேட்டிருக்காங்க. "டாக்டர் தரமாட்டேங்கறார் தம்பி, அந்த லெட்டரை எப்படிக் கேட்டு வாங்கறது?" இதுதான் கேள்வி.

அக்கா, இன்னைக்கு எபிசோட் முழுக்க உங்களுக்குத்தான். அந்த டாக்டர் ஏன் தரமாட்டேங்கறார்னு சொல்லப்போறேன்.

எனக்கும் அந்த லெட்டர் இருந்தது. அஞ்சாவதுல இருந்து பத்தாவது வரைக்கும். பிறவியிலேயே ஒரு கிட்னி சின்னது, இன்னொண்ணுல தழும்பு. பிடி பீரியட்ல என் வேலை, மத்தவங்க வாட்ச், ஐடி கார்டு எல்லாத்தையும் மடியில வச்சுக் காவல் காக்கறது. தெருவுல நான்தான் ஸ்கோரர். எந்த ஓவர்ல எத்தனை ரன்னு இன்னைக்கும் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன், ஆனா ஒரு கேட்ச் பிடிக்க வராது. ப்ளஸ் ஒன்ல லேப் மூணாவது மாடி. நின்னு நின்னுதான் ஏறுவேன். எல்லாம் கிட்னியாலதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த ஆறு வருஷம் பெஞ்சுல உட்கார்ந்தது.

முதல்ல, குழந்தைகளுக்கு வர்ற கிட்னி நோய் பெரியவங்களுக்கு வர்ற மாதிரி இல்ல. பெரியவங்களுக்குப் பெரும்பாலும் சர்க்கரையும் பிபியும் காரணம். குழந்தைகள்ல பெரும்பாலும் பிறவியிலேயே சிறுநீர்ப் பாதை அமைப்புல இருக்கிற கோளாறு. கிட்னி சின்னதா இருக்கும், சிறுநீர் திரும்ப மேல ஏறும், ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளியே வர்ற வழியில ஒரு சவ்வு அடைச்சிருக்கும். அப்படின்னா இது ஒரு மாசம் ரெஸ்ட் எடுத்துச் சரிபண்ற விஷயம் இல்ல. மொத்தக் குழந்தைப் பருவமும் இதோடதான். "உடம்பு சரியாகட்டும், அப்புறம் விளையாடலாம்"னு சொன்னா, அந்த "அப்புறம்" எப்ப வரும்?

அடுத்து, கிட்னி வெறும் ஃபில்டர் இல்ல. ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குத் தகவல் அனுப்பற ஹார்மோன் அங்கேதான் சுரக்குது. அது குறைஞ்சா ரத்தசோகை, சீக்கிரம் மூச்சு வாங்கும். வைட்டமின் டியை உடம்பு பயன்படுத்தற வடிவத்துக்கு மாத்தறதும் கிட்னிதான். அது நடக்கலேன்னா எலும்பு பலமா வளராது. ரத்தத்துல அமிலம் கூடினா தசை கரையும், உயரமும் ஏறாது. ஆக, நோயே தசையையும் எலும்பையும் தின்னுக்கிட்டிருக்கு. அதுக்கு மேல நாமளும் பிள்ளையை உட்கார வச்சா, நோய் செய்யற வேலையை நாமளும் சேர்ந்து செய்யறோம். பிள்ளை சோர்ந்து போறான், சோர்ந்துட்டானேன்னு படுக்க வைக்கறோம், படுத்ததால இன்னும் பலம் குறையுது, மறுநாள் இன்னும் சீக்கிரம் சோர்ந்து போறான். என் மூணாவது மாடிக் கதை இதுதான்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரிசு. சின்ன வயசுலேயே கிட்னி நோய் வந்தவங்களுக்கு, வளர்ந்த பிறகு பெரிய ஆபத்து இதயத்துலயும் ரத்தக் குழாய்கள்லயும்தான். பிபி, எடை, கொழுப்பு, இதெல்லாம் கட்டுக்குள்ள இருக்கணும்னா எட்டு வயசுல ஓடற பழக்கம் வேணும். இருபத்தெட்டு வயசுல ஜிம் சேர்ந்த எனக்கு இது நல்லாவே தெரியும்.

அதனாலதான் கிட்னி நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல்களை எழுதற கேடிகோ அமைப்பு, 2024ல தெளிவாச் சொல்லிடுச்சு: நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிற குழந்தைகளையும், உலக சுகாதார அமைப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்ற அளவை நோக்கி ஊக்கப்படுத்துங்க. தினம் 60 நிமிஷம். ஆனா நிஜத்துல என்ன நடக்குது? அமெரிக்கா, கனடாவுல இந்த நோய் இருக்கிற குழந்தைகளை வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிக்கிற ஒரு ஆய்வுல, டீன் ஏஜ் பசங்கள்ல 13 சதவீதம் பேர்தான் அந்த அளவை எட்டினாங்க. மத்த பசங்கள்லயே 25 சதவீதம்தான்னு வைங்க, அதுவும் ஒண்ணும் பெருமை இல்ல.

சரி, கிரிக்கெட்டுக்கு வருவோம். கேமரூன் கிரீன். 2023 ஐபிஎல்ல மும்பை இந்தியன்ஸ் 17.5 கோடி கொடுத்து எடுத்த ஆஸ்திரேலியா ஆல்ரவுண்டர். வாங்கடேல ஹைதராபாத்துக்கு எதிரா 47 பந்துல செஞ்சுரி அடிச்சார், ஞாபகம் இருக்கா? அதே வருஷம் டிசம்பர்ல அவரே வெளியே சொன்னார்: தனக்குப் பிறவியிலேயே நாள்பட்ட சிறுநீரக நோய். நான் சொன்னேனே, ஆண் குழந்தைகளுக்கு வர்ற அந்த அடைப்பு, அதேதான். அம்மா வயித்துல இருக்கும்போதே ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கு. பன்னிரண்டு வயசு வரைதான் உயிரோட இருப்பான்னு அப்பா அம்மாகிட்ட சொல்லியிருந்தாங்களாம். அந்தப் பையன் ஆறரை அடி உயரத்துக்கு வளர்ந்து டெஸ்ட் கிரிக்கெட் ஆடறார். உப்பையும் புரதத்தையும் அளந்து சாப்பிடறார். 2022ல நியூசிலாந்துக்கு எதிரா கேர்ன்ஸ்ல 89 நாட் அவுட் அடிச்சப்ப தசைப்பிடிப்புல தவிச்சாரே, அதுலயும் இந்த நோய்க்குப் பங்கு உண்டு.

ஒரு விஷயம் மறந்துடாதீங்க. கிரீனோடது ரெண்டாவது ஸ்டேஜ், கிட்னி சுமார் 60 சதவீதம் வேலை செய்யுது. எல்லாப் பிள்ளைகளும் அப்படி இல்ல. "அவர் ஆடறாரே, நீ ஏன் சோர்ந்து போற"ன்னு மட்டும் தயவுசெஞ்சு கேட்காதீங்க.

"அடிபட்டா கிட்னி போயிடுமே" - இந்தப் பயம் எல்லா வீட்டுலயும் இருக்கு, எங்க வீட்டுலயும் இருந்தது. கிட்னி முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழ, கொழுப்புக்கும் தசைக்கும் நடுவுல பத்திரமா இருக்கிற உறுப்பு. அமெரிக்க ஹைஸ்கூல் விளையாட்டுல பதிவான 23,000த்துக்கும் மேற்பட்ட காயங்களை ஒரு ஆய்வுல எடுத்துப் பார்த்தாங்க. கிட்னியில அடிபட்டது 18 தடவை. முழங்கால் காயம் மூவாயிரத்துக்கு மேல. விளையாட்டுல கிட்னி அடிபடறதுக்கு ஃபுட்பாலைவிட சைக்கிள்தான் அதிகக் காரணம். ஆனா சைக்கிளை யாரும் தடை பண்றது இல்ல!

சில இடத்துல நிஜமாவே கவனம் வேணும். மாற்றுச் சிறுநீரகம் வச்ச குழந்தைன்னா, புது கிட்னியை அடிவயித்துல முன்பக்கம் வைப்பாங்க, அங்கே விலா எலும்புப் பாதுகாப்பு கிடையாது. ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச மாசத்துக்கு முரட்டு விளையாட்டு கூடாது, அதுக்கப்புறம் கபடி, குத்துச்சண்டை மாதிரி எதுக்கும் டாக்டர் சொல்லணும். டயாலிசிஸ் குழாய் இருந்தா நீச்சல் பத்திக் கேட்காம இறக்காதீங்க. கையில ஃபிஸ்டுலா இருந்தா அந்தக் கையில அடி படக்கூடாது. பிபி கட்டுக்கு வராத வரைக்கும் கனமான வெயிட் தூக்க வேண்டாம். எலும்பு வலி, நொண்டி நடக்கறது இருந்தா "விளையாடினா சரியாயிடும்"னு விடாம டாக்டர்கிட்ட காட்டுங்க. காய்ச்சல், வாந்தி, பேதி, முகம் கால் வீக்கம், கடுமையான தலைவலி இருக்கிற அன்னைக்கு லீவு. ஆடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தா, இல்ல அடிபட்டு சிறுநீர்ல ரத்தம் தெரிஞ்சா, யோசிக்கவே வேண்டாம், ஆஸ்பத்திரி.

இதைவிட நம்ம ஊர்ல அதிகமா நடக்கிற தப்பு, விளையாடி முடிச்ச பிறகு நடக்குது. வியர்த்து வர்ற பிள்ளைக்கு நாம பாசமா என்ன வாங்கித் தருவோம்? இளநீர். அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. ரத்தத்துல ஏற்கெனவே பொட்டாசியம் கூடியிருக்கிற பிள்ளைக்கு அது இதயத்துடிப்பையே தடுமாற வைக்கலாம். வாழைப்பழமும் அதே கதை. தண்ணி விஷயம் இன்னும் குழப்பம். பிறவிக் கோளாறு இருக்கிற நிறையப் பிள்ளைங்க சிறுநீரை அடர்த்தியாக்க முடியாம நிறையப் போவாங்க. அவங்களுக்குத் தண்ணி குறைஞ்சா கிட்னி இன்னும் கெடும், பாட்டில் கையிலேயே இருக்கணும், பாத்ரூம் போக மிஸ்கிட்ட மூணு தடவை கெஞ்சக்கூடாது. டயாலிசிஸ்ல இருக்கிற பிள்ளைக்கு நேர் எதிர், தண்ணி அளவோடதான். உங்க பிள்ளை எந்த வகைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

கால் சுளுக்கினா ஸ்கூல் முதலுதவிப் பெட்டியில இருக்கிற ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். அது கிட்னிக்கு நேரடிக் கேடு. பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவுல. டீன் ஏஜ் பசங்களே, ஜிம்ல யாரோ தர்ற புரோட்டீன் பவுடருக்கும் இதே பதில்தான். இன்னொரு சின்ன விஷயம்: ஓடியாடின உடனே யூரின் டெஸ்ட் கொடுத்தா புரதம் கூடத் தெரியும். காலையில எழுந்ததும் போற முதல் சிறுநீரைக் கொடுங்க. இல்லேன்னா ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "விளையாடினதாலதான் ஏறிடுச்சு"ன்னு பயந்து திரும்ப பெஞ்சுல உட்கார வச்சிடுவீங்க.

எப்படி ஆரம்பிக்கறது? அறுபது நிமிஷத்தை நினைச்சு மலைக்காதீங்க. இது வரைக்கும் உட்கார்ந்தே இருந்த பிள்ளைக்குப் பத்துப் பத்து நிமிஷமா, நாளுக்கு ரெண்டு தடவை. மொட்டை மாடியில ஷட்டில், பாண்டி, ஸ்கிப்பிங், பாட்டுப் போட்டு டான்ஸ். ஆடும்போது பேச முடியணும், பாட முடியாம மூச்சு வாங்கணும். அதுதான் சரியான வேகம். எலும்புக்குக் குதிக்கிற விளையாட்டு நல்லது. வாரம் வாரம் கொஞ்சம் கூட்டுங்க. முக்கியமா, "எக்சர்சைஸ்"னு பேர் வைக்காதீங்க. ஏற்கெனவே மாத்திரை, டயட், ரத்தப் பரிசோதனைன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல இன்னொண்ணா சேர்ந்துடும். நீங்களும் ஒரு ராக்கெட்டை எடுத்துக்கிட்டு எதிர்ல நில்லுங்க. "பாவம், உடம்பு முடியாதவன்"னு பக்கத்து வீட்டுல யாராவது சொன்னா, அவன் காதுல விழாம பாத்துக்கோங்க. எனக்கு விழுந்தது.

இப்ப அந்த லெட்டர். அக்கா, டாக்டர்கிட்ட போய் வேற மாதிரி கேளுங்க. "விளையாட வேண்டாம்"னு இல்ல, "எதெல்லாம் விளையாடலாம்"னு எழுதித் தரச் சொல்லுங்க. எந்த விளையாட்டு வேண்டாம், அதுவும் பேர் சொல்லி. தண்ணி எவ்வளவு. பாத்ரூம் கேட்டா உடனே விடணும். சோர்ந்தா அவனே வந்து உட்காருவான், ரெடியானதும் அவனே திரும்பப் போவான், யாரும் தடுக்கக்கூடாது. என்ன நடந்தா யாருக்கு போன் பண்ணணும். எந்த வலி மாத்திரை தரக்கூடாது. ஒரு பக்கம் போதும். அதைத் தர டாக்டர் மாட்டேன்னு சொல்ல மாட்டார்.

பிடி சாரைக் கோபிச்சுக்காதீங்க. அவருக்கு அறுபது பிள்ளைங்க, ஒரு விசில். ஏதாவது ஆச்சுன்னா பழி நம்ம மேலதான்னு பயம் அவருக்கு. லெட்டர் கையில இருந்தா அந்தப் பயம் பாதி போயிடும். அவருக்கு ஒரு காப்பி, கிளாஸ் மிஸ்ஸுக்கு ஒரு காப்பி கொடுத்துடுங்க. ஒண்ணு லேமினேட் பண்ணி அவன் பையிலயே போட்டு வைங்க, சப்ஸ்டிட்யூட் சார் வந்தா உதவும்.