கார்ப்பெட்டில் டை கொட்டிவிட்டால்

தலைக்கு டை அடிக்கும்போது கார்ப்பெட்டில் கொட்டிவிட்டது என்றால், இதை இப்போது படிக்க வேண்டாம். ஒரு ஸ்பூனால் அந்தக் குழம்பை வழித்து எடுத்துவிடுங்கள். வெள்ளைத் துணி ஒன்றைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கறையின் மேல் அழுத்தி ஒற்றுங்கள். துணி நிறம் வாங்க வாங்க, சுத்தமான பக்கத்துக்கு மாற்றி மாற்றி ஒற்றுங்கள். மீதியைப் பிறகு வந்து படித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. காபி கொட்டினால் கொட்டும்போதே அது காபி நிறத்தில்தான் இருக்கும். டை அப்படி இல்லை. தரையில் விழும் நேரத்தில் அதன் நிறம் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. நிரந்தர டைகள் பெரும்பாலானவற்றில் இருப்பது பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா ஃபினிலீன் டையமின். டப்பாவுக்குள் இருக்கும்வரை அதற்குச் சொல்லும்படியான நிறம் கிடையாது. கூடவே வரும் டெவலப்பரில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். இரண்டையும் கலந்ததும் பிபிடியின் சிறிய மூலக்கூறுகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று இணைந்து, பெரிய நிற மூலக்கூறுகளாக மாறுகின்றன. கிண்ணத்தைக் கவனித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். குழைக்கும்போது வெளிறிய க்ரீமாக இருப்பது, ஓரத்தில் முதலில் பழுப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும்.

முடியில் நடப்பதும் இதுதான். அமோனியா முடியின் மேல் செதில்களைத் தூக்கிவிடுகிறது. சிறிய மூலக்கூறுகள் உள்ளே நுழைந்து, அங்கேயே பெரிதாகி, வெளியே வர முடியாமல் தங்கிவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய இந்த முறையின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. பாக்கெட்டில் அரை மணி நேரம் ஊறவிடச் சொல்வது இந்த வேலை முடிவதற்காகத்தான். கார்ப்பெட்டில் விழுந்த டைக்கும் அதே அரை மணி நேரம்தான். அதற்குள் எவ்வளவு குழம்பை வெளியே எடுக்கிறீர்களோ, அவ்வளவு கறை உருவாகாமலே போகும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. முதலாவது, சூடு ஆகாது. வெந்நீர், ஹேர் டிரையர், ஸ்டீம் கிளீனர் எல்லாமே நிறம் உருவாவதை வேகப்படுத்தி, அதை இழைக்குள் தள்ளிவிடும். இரண்டாவது, புதுக் கறையின் மேல் பெராக்சைடு ஊற்றக் கூடாது. கறை நீக்கப் பெராக்சைடு நல்லது என்று கேள்விப்பட்டு, பலர் எடுத்ததுமே அதைத்தான் ஊற்றுகிறார்கள். டையின் டெவலப்பரில் இருப்பதும் அதே பெராக்சைடுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். பாதி நிறமாகியிருக்கும் டைக்கு இன்னும் கொஞ்சம் டெவலப்பர் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பெராக்சைடுக்கு வேலை உண்டு. ஆனால் அது கடைசியில்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, உங்கள் கார்ப்பெட் எதனால் ஆனது என்பது. பின்பக்கம் லேபிள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது கம்பளி. பட்டும் அப்படித்தான் பொசுங்கும். காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். உருகிச் சுருண்டு கெட்டியான மணிபோல் நின்றால் நைலான், பாலியஸ்டர், பாலிபுரொப்பிலீன் மாதிரியான செயற்கை இழை. ஆறும்வரை அந்த மணியைத் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

கம்பளியில் முடி நாற்றம் வருவது தற்செயல் அல்ல. நம் தலைமுடியும் ஆட்டின் ரோமமும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. முடிக்குள் ஏறி உட்காரவே தயாரிக்கப்பட்ட ஒன்று கம்பளியிலும் அதே மாதிரி ஏறி உட்காரும். அதனால்தான் காஷ்மீர், பதோஹி பக்கம் கையால் முடிந்த கம்பளிக் கார்ப்பெட்டில் விழுந்த டை மற்ற எதையும்விடப் பிடிவாதமாக நிற்கிறது. நைலானிலும் சாயம் பிடித்துக்கொள்வதற்கான இடங்கள் நிறைய உண்டு, அதிலும் சீக்கிரம் ஏறும். பாலிபுரொப்பிலீனில் அப்படிப்பட்ட இடங்கள் கிடையாது. அதன் நிறத்தையே பிளாஸ்டிக்கை உருக்கும்போது கலந்துவிடுவார்கள். கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் மெஷின் கார்ப்பெட்டுகளில் பல இந்த ரகம். உங்களுடையது அதுவானால் நிம்மதியாக இருக்கலாம். தண்ணீரும் சோப்பும் பெரும்பாலும் போதும்.

இனி வேலையைப் பார்ப்போம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிபிடி பலருக்கு அலர்ஜி கொடுக்கும் பொருள். இரண்டு கப் குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு டேபிள்ஸ்பூன், வெள்ளை வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். லிக்விட் டையின் க்ரீமைக் கரைத்துத் தூக்கும், வினிகர் அமோனியாவின் காரத்தைச் சமன்செய்யும். இந்தக் கலவையைக் கறையின் மேல் கொட்டாதீர்கள். துணியில் தோய்த்து வையுங்கள். நேரடியாக ஊற்றினால் டை கரைந்து அடித்துணிக்கு இறங்கிவிடும், அப்புறம் அதை வெளியே கொண்டுவருவது பெரும்பாடு.

துணியை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்த்தி ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். தேய்த்தால் ஒரு ரூபாய் அளவு கறை தட்டு அளவுக்குப் பரவும், இழையும் பிய்ந்து பஞ்சாகும். பழைய வெள்ளை வேட்டித் துணி இதற்கு மிகவும் ஏற்றது. தண்ணீரை நன்றாக உறிஞ்சும், தனக்கென்று விட்டுக்கொடுக்கச் சாயம் எதுவும் அதில் கிடையாது, கறை எவ்வளவு வருகிறது என்பதையும் கண்ணுக்குக் காட்டும். முதல் ஒற்றலில் துணி கறுப்பாக வரும், பிறகு பழுப்பு, பிறகு வெளிறிய ஊதா. துணியில் நிறம் வந்துகொண்டிருக்கும்வரை பொறுமையாகத் தொடருங்கள். அது நின்றதும் வெறும் தண்ணீரால் ஒற்றி, சோப்பை முழுக்க எடுத்துவிடுங்கள். சோப்பு தங்கினால் அந்த இடத்தில் மட்டும் அழுக்கு சேர்ந்து, ஒரு மாதத்தில் புதுக் கறை மாதிரி தெரியும்.

சிந்தியது நிரந்தர டை இல்லாமல், சில வாரங்களில் மங்கிவிடும் ரகம் என்றால், அதன் நிறம் ஏற்கெனவே உருவானது. அதற்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட் நன்றாக வேலை செய்யும். துணியில் சில சொட்டு மட்டும் விட்டு ஒற்ற வேண்டும். அதிகமாக ஊற்றினால் கார்ப்பெட்டின் அடியில் உள்ள பசை இளகிவிடும். சாமி விளக்கோ அடுப்போ எரிந்துகொண்டிருந்தால் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கவே கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போக வேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் சில இழைகளையே கரைத்துவிடும்.

மருதாணி தனி ரகம். மருதாணி மட்டும் என்றால் ஆரஞ்சு, செம்பழுப்பு நிறம்தான் வரும். அது கெரட்டினோடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும் என்பதால் கம்பளியில் காய்ந்துவிட்டால் வீட்டு வைத்தியம் பலிக்காது. கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள் பலவற்றில் பிபிடிதான் கலந்திருக்கிறது. அதை டையாகவே நினைத்துக் கையாளுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் நிழல்போல ஒரு பழுப்பு நிற்கிறதா? பெராக்சைடுக்கான நேரம் இதுதான். மெடிக்கல் ஷாப்பில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். லேபிளைப் பார்த்துவிட்டு, சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்குங்கள். முதலில் சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் ஓர் ஓரத்தில் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். கார்ப்பெட்டின் சொந்த நிறம் துணியில் வந்தாலோ, அந்த இடம் வெளுத்தாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் கறையின் மேல் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு மணி நேரம் விட்டு ஒற்றி எடுக்கலாம். தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு முறை. வெளிர் நிறச் செயற்கை இழைக்கும் வெள்ளைப் பருத்திக்கும்தான் இந்த வழி. அடர்ந்த சிவப்பு, நீலக் கார்ப்பெட்டில் கறுப்புக் கறை போய் வெள்ளைப் புள்ளி வந்தால் என்ன லாபம்? கம்பளியிலும் பட்டிலும் இதை வீட்டில் முயல வேண்டாம் என்றே சொல்வேன்.

இங்கே மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பாத்ரூம் பிளீச்சைக் கொண்டுவந்து ஊற்றிவிடாதீர்கள். டையில் அமோனியா இருக்கிறது. பிளீச்சும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். வினிகரோடு சேர்ந்தாலும், டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். மூடிய அறைக்குள் இவை மூச்சை அடைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். கம்பளி, பட்டு இழைகளையோ பிளீச் அரித்தே விடும். அதேபோல வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் கலக்கக் கூடாது. கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அமிலம் அதில் உருவாகும். ஒன்றைத் தண்ணீரால் நன்றாக எடுத்த பிறகுதான் அடுத்தது.

சாயங்காலம் சுத்தமாக இருந்த இடம், மறுநாள் காலை மறுபடி கறுத்து நிற்பது உண்டு. புதுக் கறை அல்ல அது. அடியில் தங்கியிருந்த டை, ஈரம் காயும்போது இழைவழியே மேலே ஏறிவந்திருக்கிறது. இதைத் தவிர்க்க, வேலை முடிந்ததும் காய்ந்த துணியை நாலைந்து மடிப்பாக அந்த இடத்தில் போட்டு, மேலே பிளாஸ்டிக் கவர் விரித்து, அம்மிக்குழவி மாதிரி கனமான ஒன்றை இரவு முழுக்க வைத்துவிடுங்கள். ஏறிவரும் நிறத்தைத் துணி வாங்கிக்கொள்ளும். காலையில் எடுத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள்.

பவானி ஜமக்காளம் மாதிரி பருத்தி விரிப்பானால் ஒரு வசதி, தூக்கிப் போய் குழாயடியில் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விடலாம். கறை வந்த வழியே வெளியேறும். ஆனால் கோடுகளின் சாயம் ஓடுமா என்று ஈரத்துணியால் முதலில் ஒற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். கோரைப்பாயில் கறை உடனே துடைத்தால் போகும், ஊறவிட்டால் கோரைக்குள் இறங்கிவிடும்.

விலையுயர்ந்த கம்பளியோ பட்டோ என்றால், முதல் ஒற்றலோடு நிறுத்திவிட்டு கார்ப்பெட் கிளீனிங் ஆட்களைக் கூப்பிடுங்கள். ஏறிய நிறத்தை இறக்க அவர்களிடம் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் மாதிரியான ரசாயனங்கள் உண்டு. சாயப்பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்று சொல்வது அதைத்தான். வீட்டில் வைத்து விளையாடும் பொருள் அல்ல அது. ஈரம் பட்டால் சூடாகி நெடி கிளப்பும். வருகிறவரிடம் டை எப்போது சிந்தியது, அதன்பின் என்னென்ன போட்டீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். டை பாக்கெட்டின் அட்டையையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து காட்டுங்கள். அதில் உள்ள பொருட்களைப் பார்த்துத்தான் அவர் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்வார்.